உண்டியலை நீட்டும் முன்

முதியோர் இல்லம், வெள்ள நிவாரணம் என்று நன்கொடை கேட்டுப் பள்ளிக்கு வருவோர் பலர். மாணவர்கள் தின்பண்டக் காசைப் போடுவது ஆசிரியர் சொல்கிறாரே என்ற நம்பிக்கையில்தான். எனவே விசாரிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

முதலில், தொண்டு நிறுவனத்தின் பதிவு எண்ணையும் பான் எண்ணையும் கேளுங்கள். வருமான வரித் துறையின் இணையதளத்திலும் நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்திலும் தேடிப் பார்க்கலாம். 80ஜி சான்று என்பது நன்கொடையாளருக்கான வரிச்சலுகைக்கு மட்டுமே. ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகையும் இல்லை. பணி நன்றாக நடக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

அதற்குத் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பார்க்க வேண்டும். நிர்வாகச் செலவு குறைவு என்பது மட்டும் போதாது. முதியோரைக் கவனிக்கும் செவிலியருக்கும் சம்பளம் வேண்டுமே! எத்தனை பேருக்கு, என்ன உதவி, அதனால் என்ன மாறியது என்று கேளுங்கள். அருகில் இருந்தால் நேரில் செல்லுங்கள்.

தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டாலோ, 'இன்றே வேண்டும்' என்று அவசரப்படுத்தினாலோ மறுத்துவிடுங்கள்.

கொடுத்தபின் ரசீதை வகுப்பறையில் ஒட்டுங்கள். தங்கள் காசு எங்கே போனது என்று கேட்கக் குழந்தைகளும் பழகட்டும்.