தொட்டிலை விட்டு இறங்கும் பிள்ளைக்கு எந்தக் கட்டில்?

பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் ஓர் இளம் தாயைச் சந்தித்தேன். மூத்த பையனுக்கு இரண்டேகால் வயது. வயிற்றில் ஏழு மாதக் குழந்தை. ஒருநாள் இரவு 'தொப்'பென்று சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். மரத் தொட்டிலின் கம்பியைத் தாண்டிய பையன் சிமெண்டுத் தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தான். நெற்றியில் வீக்கத்தோடு தப்பினான்.

"ரெண்டு பிள்ளைக்கும் சேத்து டபுள் டெக்கர் வாங்கிட்டா ஒரே செலவாப் போயிரும்னு அவரு சொல்றாரு. எனக்குத்தான் பயமா இருக்கு. நீங்களே சொல்லுங்க, எதைத்தான் வாங்குறது?" என்று கேட்டார்.

பல வீடுகளில் எழும் கேள்விதான் இது.

எப்போது மாற்றுவது?

பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடையில் தொட்டிலை விட்டு மாறுகிறார்கள். வயதைவிட உயரமே முக்கியம். பிள்ளை ஏறக்குறைய 89 சென்டிமீட்டர், அதாவது 35 அங்குலம் வளர்ந்துவிட்டாலோ, நிற்கும்போது தொட்டிலின் மேல்கம்பி அதன் நெஞ்சளவுக்கு வந்துவிட்டாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு முறை ஏறித் தாண்டிய பிள்ளை மறுபடியும் தாண்டும். இரண்டாவது விழுதலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்பிரிங் மாட்டிய சேலைத் தொட்டிலில் தூங்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். எழுந்து உட்காரவும் நிற்கவும் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் தொட்டில் ஆபத்தானது. ஸ்பிரிங்கும் கொக்கியும் குறிப்பிட்ட எடையைத்தான் தாங்கும்.

எந்தக் கட்டில்?

முதலாவது, சிறுவர் கட்டில். தரைக்கு அருகில் இருக்கும். பக்கத் தடுப்பும் உண்டு. இவற்றில் பல, தொட்டில் மெத்தையையே ஏற்கும். ஆனால், சில ஆண்டுகளில் பிள்ளைக்குச் சிறியதாகிவிடும். கார் வடிவக் கட்டிலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த வடிவத்துக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல.

இரண்டாவது, வழக்கமான சிங்கிள் கட்டில். மெத்தை 3 அடி அகலம், 6 அடி 3 அங்குல நீளம் இருக்கும். பள்ளிப் பருவம் முழுவதற்கும் போதும். உயரம் குறைந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். தனியாக வாங்கி மாட்டும் தடுப்புக் கம்பியை, தானாக ஏறி இறங்கத் தெரிந்த, இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு மட்டுமே பயன்படுத்தலாம். தடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே இடைவெளி இருந்தால் பிள்ளை அதில் சிக்கி மூச்சுத் திணற நேரிடும். பொருத்திய பிறகு அழுத்திப் பாருங்கள். விலகினால் அது வேண்டாம்.

மூன்றாவது, தரையில் மெத்தை. நம் வீடுகளில் மடித்து வைக்கும் தோத்தோ மெத்தையே போதும். விழுந்தாலும் அடிபடாது, செலவும் குறைவு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நம் நாட்டு ஈரப்பதத்தில் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். காலையில் மடித்து வைத்து, வாரம் ஒரு முறையாவது வெயிலில் போட வேண்டும். தோட்ட வீடுகளில் படுக்குமுன் மெத்தையை உதறிப் பார்ப்பது நல்லது. பூரானும் தேளும் வரக்கூடிய இடங்கள் அவை.

டபுள் டெக்கர் கட்டிலின் மேல்தட்டு, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. கீழ்த்தட்டில்தான் படுக்கிறான் என்றாலும், ஏணி இருந்தால் ஏறிப் பார்ப்பான்.

பழைய கட்டில், தொட்டில் கைமாறி வந்தால் திருகுகள், வெடிப்பு, உரியும் சாயம் ஆகியவற்றைப் பாருங்கள். பக்கக் கம்பி மேலும் கீழும் இறங்கும் தொட்டில்களை அமெரிக்கா 2011ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. அந்தக் கம்பி கழன்று பல குழந்தைகள் இறந்ததே காரணம்.

அறையும் மாற வேண்டும்

கட்டிலிலிருந்து தானாக இறங்கும் பிள்ளை, நாம் தூங்கும்போது வீடு முழுக்க நடமாடும். அதனால் அறையையே பெரிய தொட்டிலாக நினைத்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் சன்னல் ஓரமாகக் கட்டிலைப் போடவே கூடாது. சன்னலுக்குக் கம்பி வலை அவசியம். அலமாரியையும் இழுப்பறை மேசையையும் சுவரோடு திருகி இறுக்குங்கள். பிள்ளை இழுப்பறையைப் படியாக்கி ஏறினால் மேலே சாய்ந்துவிடும். திரைச்சீலைக் கயிறு, காற்றாடியின் மின்கம்பி ஆகியவை கைக்கு எட்டக் கூடாது. சமையலறைக்கும் குளியலறைக்கும் கதவைச் சாத்தி வையுங்கள்.

எப்படியும் ஒருநாள் விழத்தான் செய்வான். விழுந்த பின் மீண்டும் மீண்டும் வாந்தி, மயக்கம், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் வடிதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது.

தம்பி பாப்பா வருமுன்

புதுக் குழந்தை பிறந்த அன்றே மூத்த பிள்ளையைத் தொட்டிலிலிருந்து இறக்கினால், தன் இடத்தைப் பறித்துவிட்டார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றும். ஓரிரு மாதம் முன்பே மாற்றிவிடுவது நல்லது. பழைய போர்வை, பழைய தூங்கும் நேரம், பழைய தாலாட்டு எதையும் மாற்ற வேண்டாம். எழுந்து வந்தால் அதட்டாமல், அதிகம் பேசாமல் கைபிடித்துக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். முதல் வாரத்தில் பத்து முறை வந்தாலும் பிறகு குறையும்.

அந்தத் தாய் இப்போது கட்டில் எதுவும் வாங்கவில்லை. கணவரும் ஒப்புக்கொண்டார். சுவர் ஓரமாகத் தரையில் மெத்தை போட்டு, அதன் மேல் முன்பு தொட்டில் கட்டிய சேலையை விரித்திருக்கிறார்கள். மரத் தொட்டிலின் திருகுகளை இறுக்கி, அடுத்த குழந்தைக்காக வைத்தாயிற்று. டபுள் டெக்கர் பையனுக்கு ஆறு வயது ஆகும்வரை காத்திருக்கும்.