அரைஞாண் கட்டிய தோட்டா

போன ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகன் வந்திருந்தான். மேட்டுப்பாளையத்தில் வனவியல் படிக்கிறான். ஆப்பிரிக்காவில் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளைப் பற்றி ஏதோ ஒரு படம் பார்த்திருக்கிறான். அதில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்ததாம்.

"பாயிண்ட் 375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம்னு சொல்றாங்க மாமா. தேடிப் பார்த்தா 1912-ல வந்த தோட்டா. நூறு வருஷம் தாண்டிடுச்சு. எவ்வளவோ புதுசு வந்தும் இதை ஏன் விடமாட்டேங்கிறாங்க?"

கேட்டவனை உட்காரவைத்து டீ போடச் சொன்னேன். பள்ளி நாட்களில் கென்னத் ஆண்டர்சனின் கதைகளைப் படித்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு. சேலம், தருமபுரி, ஓசூர்க் காடுகளில் .405 வின்செஸ்டர் ரைஃபிளோடு அலைந்தவர் அவர். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தியாவில் பெருவிலங்கு வேட்டைக்கு இடமில்லை. அது அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். கென்யாவும் 1977-ல் வேட்டையை மூடிவிட்டது. ஆனால் தான்சானியாவிலும் ஜிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவிலும் அலாஸ்காவிலும் அது சட்டப்படி இன்றும் நடக்கிறது. அங்கே இந்தத் தோட்டாவின் பெயரைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

நாளிதழின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து அதை உண்மை அளவிலேயே வரைந்தேன். பித்தளைக் கூட்டின் நீளம் 72 மில்லிமீட்டர். குண்டையும் சேர்த்தால் 91. ஏறக்குறைய என் நடுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. குண்டின் விட்டம் 9.5 மில்லிமீட்டர், அங்குலக் கணக்கில் .375. பெயர் அங்கிருந்துதான் வந்தது. கூட்டின் அடிப்பகுதியில் சுற்றிலும் ஒரு பட்டை தடித்து நிற்கும். குழந்தைக்கு அரைஞாண் கட்டியதுபோல இருக்கும். ஆங்கிலத்தில் பெல்ட் என்பார்கள்.

"இது எதுக்கு மாமா? பலத்துக்கா?"

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மேக்னம் என்றால் பெல்ட் இருக்கும், பெல்ட் இருந்தால் பலம் கூடும் என்று ஒரு நம்பிக்கை. பெல்ட்டுக்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. டீக்கடையிலிருந்து அலுவலகங்களுக்கு டீ கொண்டுபோகும் கம்பிக் கூடையை நினைத்துக்கொள் என்றேன். ஒவ்வொரு கிளாஸும் ஒரு வளையத்துக்குள் உட்காரும். கிளாஸ் மேலே அகன்று கீழே குறுகி இருப்பதால் ஏதோ ஓரிடத்தில் வளையம் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில் என்று அச்சாகச் சொல்ல முடியாது. ஒரு கிளாஸ் கொஞ்சம் இறங்கி நிற்கும், இன்னொன்று ஏறி நிற்கும். டீக்கு அது போதும். தோட்டாவுக்குப் போதாது. துப்பாக்கியின் அறைக்குள் தோட்டா ஒரு நூல் ஆழமாகப் போய்விட்டால் ஊசி அடிப்பது சரியாகப் படாது. பட்டாலும் கூடு இழுபட்டுக் கிழியலாம்.

பழைய தோட்டாக்களில் இதற்காகவே அடியில் தட்டுப்போல ஒரு விளிம்பு இருக்கும். அது அறையின் வாயில் தட்டி நின்றுவிடும். கையால் ஒவ்வொன்றாகப் போட்டு மடித்து மூடும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு அது அருமையான ஏற்பாடு. ஆனால் அப்போது ஜெர்மனியின் மவுசர் போல்ட் ரைஃபிள்கள் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தன. அவற்றின் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். விளிம்பு இருந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு மேலே வராது. விளிம்பை எடுத்துவிட்டால் தோட்டா எதில் தட்டி நிற்கும்? பெரும்பாலான தோட்டாக்கள் கழுத்துக்குக் கீழுள்ள தோளில் நிற்கின்றன. .375-ன் தோளோ மிகச் சாய்வானது; அதை நம்பி நிறுத்த முடியாது. எனவே விளிம்புக்குப் பதிலாக அந்த அரைஞாண். மேகசினில் மாட்டாது, அறையில் சரியாக நிற்கும். அதே 1912-ல் இரட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்காக விளிம்போடும் தனியாக ஒன்று செய்து கொடுத்தார்கள்.

அவன் விடவில்லை. "தோளை நேராவே வெச்சிருக்கலாமே?"

அடுக்களையிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டை எடுத்துவரச் சொன்னேன். ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு மெல்லத் தூக்கினால் தனியாக வந்துவிட்டது. பக்கங்கள் சரிவாக இருப்பதால் ஒரு மயிரிழை மேலே நகர்ந்தாலே சுற்றிலும் இடைவெளி விழுந்துவிடும். பக்கங்கள் நேராக இருக்கும் டப்பாவை இன்னொன்றுக்குள் இறுக்கமாகச் செருகினால் கடைசி அங்குலம் வரை பிடித்துக்கொண்டே வரும். அதுவும் சூடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

துப்பாக்கிக்குள் நடப்பதும் அதேதான். மருந்து எரியும்போது பித்தளைக் கூடு உப்பி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் சுருங்குகிறது. சுருங்கிய கூட்டை வேட்டைக்காரன் போல்ட்டை இழுத்து வெளியே எடுத்தால்தான் அடுத்தது உள்ளே போகும். அன்றைய பிரிட்டிஷ் தோட்டாக்களில் கார்டைட் என்ற மருந்து இருந்தது. சேமியா மாதிரி நீள நீள இழைகள். அதன் குணம், வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும். லண்டன் குளிரில் ஒழுங்காக வேலை செய்த தோட்டா, ஆப்பிரிக்க மத்தியான வெயிலில் பித்தளையை அறையோடு அறைந்து வைத்துவிடும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1835-ல் லண்டனில் தொடங்கிய துப்பாக்கிக் கடை. வாடிக்கையாளர்கள் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிறவர்கள். எனவே கூட்டை நீளமாக்கி, மருந்துக்கு நிறைய இடம் விட்டு, அழுத்தம் அடங்கியிருக்கும்படி செய்தார்கள். கூட்டையும் தோளையும் டம்ளர்போலச் சரித்தார்கள். பெல்ட்டுக்கு மேலே 13 மில்லிமீட்டர் இருக்கும் உடம்பு, தோளுக்கு வரும்போது 11.4 ஆகிவிடுகிறது. உள்ளே போகும்போது கூம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். வெளியே வரும்போது மயிரிழை நகர்ந்ததும் விடுபட்டுவிடும். கார்டைட் காலம் போய்விட்டது. டம்ளர் வடிவம் தரும் அந்த வழுக்கல் போகவில்லை.

என்னைக் கேட்டால் இந்தத் தோட்டாவின் முதல் சிறப்பே இதுதான். நாற்பது அடியில் எருமை திரும்பி நிற்கும்போது கூடு சிக்கிக்கொண்டால் மற்ற எந்தக் கணக்கும் உதவாது.

இனி அதன் வலிமைக்கு வருவோம். குண்டின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். நம் தட்டார்களின் குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதிதான் ஒரு கிரெயின். .375-க்கு வழக்கமான குண்டு 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். குழலை விட்டு விநாடிக்கு சுமார் 770 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மான் வேட்டைக்கு அமெரிக்காவில் மிகப் பரவலாக உள்ள .30-06 தோட்டாவில் 180 கிரெயின் குண்டு, 820 மீட்டர் வேகம். ஏறக்குறைய அதே வேகத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட எடையை இது எறிகிறது என்று பொருள். ஆகவே தூரத்தில் குண்டு கீழிறங்கும் கணக்கும் இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானையும் இதால் நம்பிச் சுடலாம். பெரிய விட்டத் தோட்டாக்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது.

குண்டு நீளமாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். கோணி ஊசி சாக்கை எளிதாகத் துளைக்கிறது. அதே எடையுள்ள இரும்புருண்டை துளைக்காது. விட்டத்துக்கு ஏற்ற எடை இருந்தால்தான் குண்டு ஆழமாகப் போகும். ஆப்பிரிக்க எருமையின் ஆண் எழுநூறு, எண்ணூறு கிலோ இருக்கும். இதயம் மார்பில் நாம் நினைப்பதைவிடத் தாழ, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கே போய்ச் சேர தோள் எலும்பையும் தசையையும் விலாவையும் தாண்ட வேண்டும். யானையின் மூளையைச் சுற்றித் தேன்கூடுபோல அறை அறையான எலும்பு. அதைக் கடக்க உருக்குலையாத திடக் குண்டு தேவை. மானுக்கும் சிங்கத்துக்கும் முனை விரிந்து காளான்போலாகும் மென்குண்டு தேவை. .375-ல் ஒரு அரிய குணம் உண்டு. நல்ல ரைஃபிள்கள் பலவற்றில், வெவ்வேறு எடையுள்ள குண்டுகளை மாற்றிப் போட்டாலும், வேட்டைத் தூரத்தில் அவை ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் விழும். குறியைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கண்டம் தாண்டிப் போகிறவன் ஒரே ஒரு ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற பெயர் இதற்கு வந்தது இதனால்தான்.

"அப்போ யானைக்கு இன்னும் பெருசா இருந்தா இன்னும் நல்லதுதானே?" என்றான். இந்த இடத்தில்தான் நான் நிதானமாகப் பேச வேண்டியிருந்தது.

குண்டு முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். .375-ன் உதை .30-06-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. .458 வின்செஸ்டர் மேக்னத்துக்குப் போனால் மூன்று மடங்குக்குப் பக்கம். இரண்டு மடங்கை ஒரு சராசரித் தோள் பழகிக்கொள்ளும். அதற்கு மேல் போகும்போது பெரும்பாலோருக்கு உடம்பு முந்திக்கொள்கிறது. விசையைத் தொடுவதற்கு முன்பே தோள் சுருங்குகிறது, கண் மூடுகிறது, விரல் வெடுக்கென்று இழுக்கிறது. குண்டு இதயத்துக்குப் பதிலாக வயிற்றில் போய்ப் படுகிறது. வயிற்றில் பட்ட பெரிய குண்டைவிட இதயத்தில் பட்ட நடுத்தரக் குண்டு அந்த விலங்குக்குச் செய்யும் கருணை பெரிது.

தவறிய குண்டு காட்டுக்குள் என்ன செய்யும் என்று நம் நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 1907-ல் குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கிடந்த புலியின் வாயைப் பார்த்தபோது வலப்பக்கத்து மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்டுத் தவறவிட்ட காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதற்குக் கார்பெட் சொன்ன காரணம் அதுதான். எவனோ ஒருவனின் விரல் வெடுக்கென்று இழுத்ததற்கு ஊர் ஊராக மனிதர்கள் பலியானார்கள். அக்கா மகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

ஆகவே ஒரு தோட்டா எவ்வளவு பலமானது என்பதோடு, மனிதன் எவ்வளவு பலத்தைக் கண் மூடாமல் கையாள முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் .375 நிற்கிறது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் யானை, எருமை போன்ற அபாயமான விலங்குகளுக்கு இதையோ இதற்கு நெருக்கமானதையோ குறைந்தபட்ச அளவாகச் சட்டம் வைத்திருப்பதும் இந்த அனுபவத்தில் பிறந்ததே. ஜான் டெய்லர் என்ற வேட்டைக்காரர் பல ஆண்டுகளைப் போர்ச்சுகீசியர் ஆண்ட மொசாம்பிக் காடுகளில் கழித்து, இருந்த அளவுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சுட்டுப் பார்த்தவர். 1948-ல் ஆப்பிரிக்க ரைஃபிள்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் .375-க்கு மிக உயர்ந்த இடம் கொடுத்தார். அமெரிக்காவில் 1937-ல் வின்செஸ்டரின் மாடல் 70-ல் இது வந்ததும், அலாஸ்காவின் பழுப்புக் கரடி நாட்டில் வழிகாட்டிகள் இதை எடுத்துக்கொண்டார்கள்.

இதன் வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் நிறைய. .300 ஹாலண்ட் 1925, .338 வின்செஸ்டர் 1958, 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் 1962, .300 வின்செஸ்டர் 1963. பின்னால் வந்தவற்றுக்குத் தோள் நன்றாகவே இருக்கிறது, தோளிலேயே நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் குடும்ப அடையாளமாக அரைஞாண் தொடர்கிறது. 1956-ல் வந்த .458 இதே கூட்டைக் குறுக்கி, குறைந்த இடத்தில் மருந்தைத் திணித்தது. அடைத்து வைத்த மருந்து நாளாக ஆகக் கட்டிதட்டிப் போய், ஆரம்ப காலத் தோட்டாக்களில் சில சரியாக எரியாமல் குண்டைப் பலவீனமாகத் துப்பின. யானை முன்னால் நிற்கும்போது அது எத்தகைய துரோகம்! பெரியவர்கள் விட்டுவைத்த காலியிடம் வீணாக விட்டதல்ல என்று அப்போது பலருக்குப் புரிந்தது.

குறைகளையும் மறைக்காமல் சொன்னேன். நீளமான தோட்டாவுக்கு நீளமான போல்ட் ரைஃபிள் வேண்டும், விலை கூடும். கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்காவிட்டால், பெல்ட்டுக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து வெட்டுப்படும். அடர்ந்த புதருக்குள் யானையை எதிர்கொள்ள வேண்டிய தொழில்முறை வேட்டைக்காரர் .416-ஐயோ .458-ஐயோ எடுப்பது நியாயம். 2007-ல் வந்த .375 ரூகர், பெல்ட் இல்லாமல், சாதாரண நீள ரைஃபிளிலேயே இதே வலிமையைக் கொடுக்கிறது. கணக்கில் அது கெட்டிக்காரத் தோட்டாதான். ஆனால் விமானத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் தோட்டா கொண்டுபோக விடமாட்டார்கள். அந்தப் பெட்டி வழியில் தொலைந்துபோய், ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூர்க் கடையில் போய் நின்றால், அலமாரியில் பெரும்பாலும் இருப்பது ஹாலண்ட் தோட்டாதான்.

"எருமையைச் சுட்டதும் என்ன செய்வாங்க மாமா? ஓடிப்போய்ப் பார்ப்பாங்களா?"

போகமாட்டார்கள். சுட்ட கையோடு போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றுவார்கள்; எருமை விழுந்து கிடந்தாலும் ஏற்றுவார்கள். அது புதருக்குள் ஓடிவிட்டால் அங்கேயே நின்று காது கொடுப்பார்கள். சாகும் எருமை நீளமாக ஒரு முனகல் எழுப்பும். அது கேட்கும் வரை, கேட்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம், யாரும் பேசாமல் நிற்பார்கள். பிறகுதான் முதல் அடி.