கண் எழுதும் கோடு, மூளை எழுதும் கோடு

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் வலிப்பு நோய்ப் பிரிவை நாடி நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பழைய இ.இ.ஜி. அறிக்கைகளோடு ரயிலேறும் வாசகர்கள், ஒரே தாளைப் பார்த்து ஒருவர் வலிப்பென்றும் மற்றொருவர் வெறும் கண்ணசைவென்றும் சொன்னால் எதை நம்புவது என்று எழுதிக் கேட்டவண்ணம் இருப்பதால், ஞாயிறு மலர் அச்சேறுமுன் அந்த மயக்கத்தையேனும் நிவர்த்தி செய்துவிட உத்தேசம்.

இ.இ.ஜி. என்பது மூளையின் மின்னியக்கத்தைப் பதியும் சோதனை என்று கையேடுகள் கூறும் இலக்கணம் முழு மெய்யன்று. மூளையோ, கண்ணோ, தாடைத் தசையோ, அறைச்சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பியோ, எதன் மின்னழுத்தம் வந்து எட்டினாலும் தலையில் ஒட்டிய மின்முனை அதைப் பேதமின்றி எழுதிவிடும். இவற்றுள் தேர்ந்த வேஷதாரி கண்தான். விழியின் முன்புறம் பின்புறத்தைவிட நேர்மின் தன்மை மிக்கதென்பதை 1849இல் உடலியலாளர் டுபுவா ரேமோன் மீனின் கண்ணில் கண்டார்; ஒரு மில்லிவோல்ட்டுக்குள் அடங்கும் அவ்வழுத்தம், சில பத்து மைக்ரோவோல்ட்டே உள்ள மூளையலையின் பக்கத்தில் ராட்சசன். இமை மூடுகையில் விழி தானாகவே மேல்நோக்கிச் சுழல, அதன் நேர்முனை நெற்றியை நெருங்க, நெற்றியிலுள்ள மின்முனை ஒரு பேரலையைத் தீட்டுகிறது. அனுபவமற்ற கண்ணுக்கு அது மூளையின் முன்பகுதியில் பிறந்த கோளாறாகவே தோன்றும்.

இதற்குக் கண்டுபிடித்த யுக்தி அபாரமானது: கண்ணுக்குக் கீழே இன்னொரு மின்முனையை ஒட்டிவிடுகிறார்கள். அலை மூளையினுடையதானால் நெற்றிக் கோடும் கன்னக் கோடும் ஒரே திசையில் சாயும். விழியினுடையதானால், நேர்முனை ஒன்றை அணுகும்போதே மற்றொன்றைவிட்டு அகல்வதால், தராசுத் தட்டுகள்போல ஒன்று ஏற மற்றது இறங்கும். பக்கவாட்டு அசைவுக்கு இரு கடைக்கண்களில் ஒட்டிய முனைகள் இவ்வாறே சாட்சி சொல்லும். வலிப்பு மருத்துவருக்கு இடையூறாகிய இதே அலையைக் கொண்டுதான் 1953இல் துயில் ஆய்வாளர்களான அஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் கனவுத் துயிலின் விரைந்த விழியசைவை உலகுக்கு அறிவித்தார்கள்.

என் கவலை வேறு. கண்ணருகே முனை ஒட்டாத பதிவுகளும் உண்டு. இத்தகைய கலப்படத்தையெல்லாம் மென்பொருளே நீக்கிவிடும் என்று கருவி விற்போர் சொல்லும்போது, அது கண்ணலையோடு நெற்றிப்புற மூளையலையின் ஒரு பங்கையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும் என்பதைச் சொல்வதில்லை. பிழையாக வாசித்த ஒரு கோட்டுக்காகப் பல்லாண்டு மாத்திரை விழுங்க நேரிடலாம்.

இனி மற்றக் கேள்விகள்.

தலைக்குள் மின்சாரம் செலுத்துவார்களா? இல்லை.

சோதனைக்கு முன் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாமா? கூடாது, தலையை அலசி உலர்த்திவிட்டுச் செல்லுங்கள்.

கண் மருத்துவர் எடுக்கும் இ.ஓ.ஜி. என்பது என்ன? அதன் அடிப்படையும் விழியின் இந்த மின்னழுத்தமே, இருளிலும் ஒளியிலும் அவ்வழுத்தம் எவ்வளவு மாறுகிறதென்று பார்க்கிறார்கள்.

மூளைப் பதிவால் குற்றவாளியைக் கண்டறியலாமா? சம்மதமின்றி எவரையும் அச்சோதனைக்கு உட்படுத்தலாகாதென்று 2010 மே 5இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இமைத்ததையே பிரித்தறிய இத்தனை பாடுபடும் கோட்டில் குற்றமனத்தைப் படிப்பதாகச் சொல்வோரின் துணிவை மெச்சத்தான் வேண்டும்.

அறிக்கைத் தாள் மட்டும் போதுமா? போதாது; முழுப் பதிவையும் கேட்டு வாங்கிக்கொண்டு ரயிலேறுங்கள்.