டெங்கு: ஒரு வீட்டின் காய்ச்சல் தெருவுக்குப் பரவாமல் தடுப்பது எப்படி?

புது தில்லி: பருவமழை தொடங்கிய சில வாரங்களில் நாட்டின் பல பகுதிகளில் டெங்கு காய்ச்சல் பரவத் தொடங்குவது ஆண்டுதோறும் காணப்படும் நிகழ்வாகிவிட்டது. தேசிய அளவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2.89 லட்சம் பேருக்கு டெங்கு உறுதி செய்யப்பட்டது. 485 பேர் உயிரிழந்தனர். கொசு மருந்து அடிப்பது உள்ளாட்சி அமைப்பின் பணி, சிகிச்சை அளிப்பது மருத்துவமனையின் பணி என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. ஆனால் இந்நோய் உருவாகும் இடமும், பரவும் இடமும், தடுக்கப்படக்கூடிய இடமும் பெரும்பாலும் வீடுதான். ஒரு வீட்டார் கடைப்பிடிக்கும் எளிய முன்னெச்சரிக்கை அவர்களை மட்டுமன்றி அண்டை வீட்டாரையும் காக்கிறது. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பரவும் விதம்

டெங்கு ஒரு வைரஸ் நோய். நோயாளியைத் தொடுவதாலோ, அவருடன் அமர்ந்து உண்பதாலோ, அவர் இருமுவதாலோ இது பரவுவதில்லை. ஏடிஸ் எஜிப்டி என்ற கொசுவே இதனை முதன்மையாகப் பரப்புகிறது. ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற மற்றொரு வகைக் கொசுவும் இதைப் பரப்பக்கூடியது. கறுத்த உடலிலும் கால்களிலும் வெள்ளை வரிகளைக் கொண்ட இக்கொசுக்கள் பெரும்பாலும் பகலில் கடிப்பவை. காலையிலும், மாலையில் சூரியன் மறைவதற்கு முன்பும் இவை அதிகமாகக் கடிக்கின்றன.

நோய்ச் சங்கிலி மனிதரிடமிருந்து கொசுவுக்கும், கொசுவிடமிருந்து அடுத்த மனிதருக்கும் செல்கிறது. டெங்கு பாதித்தவரைக் கொசு கடிக்கும்போது அவரது இரத்தத்தில் உள்ள வைரஸ் கொசுவின் உடலுக்குள் செல்கிறது. அங்கு பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதற்கு சுமார் 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. அதன் பிறகு அந்தக் கொசு தன் வாழ்நாள் முழுவதும் நோயைப் பரப்பும் ஆற்றலைப் பெறுகிறது. அக்கொசுவிடம் கடிபட்டவருக்கு 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தோன்றும்.

இந்தக் கணக்கின்படி, ஒரு வீட்டில் காய்ச்சல் வந்த பின் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று வாரங்கள் கழித்தே அடுத்த வீட்டில் காய்ச்சல் தோன்றுகிறது. இடைவெளி நீண்டதாக இருப்பதால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பலர் உணர்வதில்லை. முதல் நோயாளி குணமடைந்து பணிக்குத் திரும்பிய பிறகு, அவரிடமிருந்து வைரஸைப் பெற்ற கொசு தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

நோயாளிக்குக் கொசுவலை ஏன்?

டெங்கு நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் பொதுவாக நான்கைந்து நாட்கள் கொசுவுக்குத் தொற்றும் அளவில் இருக்கும். காய்ச்சல் தோன்றுவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. எனவே, காய்ச்சல் கண்ட முதல் நாளிலிருந்து நோயாளியைக் கொசு கடிக்காமல் பாதுகாக்க வேண்டும். பகலில் படுத்திருக்கும்போதும் கொசுவலை அவசியம். முழுக்கை ஆடை, கொசு விரட்டிக் களிம்பு, சன்னல்களுக்கு வலை ஆகியவையும் உதவும்.

'நோய் வந்த பிறகு கொசுவலை எதற்கு?' என்ற கேள்வி இயல்பானது. நோயாளியின் கட்டிலைச் சுற்றியுள்ள கொசுவலை காப்பது நோயாளியை அல்ல. அதே வீட்டில் உள்ள குழந்தையையும், பக்கத்து வீட்டு முதியவரையும், எதிர் வீட்டுக் கர்ப்பிணியையும்தான். கொசுவுக்கு வைரஸ் கிடைக்காவிட்டால் அதன் கடி வெறும் கடியாகவே முடிந்துவிடும்.

இருப்பினும் கொசுவலை மட்டுமே போதாது. டெங்கு வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் இல்லாமலோ, மிக இலேசான காய்ச்சலுடனோ நோய் கடந்துவிடுகிறது. தாம் நோயுற்றிருப்பதையே அறியாத அவர்களிடமிருந்தும் கொசுக்கள் வைரஸைப் பெறக்கூடும். ஆகவே, கொசு உருவாகாமல் தடுப்பதே அடிப்படைத் தீர்வாகிறது.

வாரம் ஒரு முறை என்பதன் காரணம்

ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரையே நாடுகிறது. நீரின் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் முட்டையிடுகிறது. நீர் பட்டதும் முட்டை பொரிந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக மாறுவதற்கு வெப்பமான பருவத்தில் 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒரு முறை தேங்கிய நீரை அகற்றினால், புழு கொசுவாக மாறும் முன்பே அதன் வளர்ச்சி முடிந்துவிடும். சுகாதாரத் துறையினர் வாராந்திர தூய்மையை வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

நீரைக் கொட்டுவதுடன் பணி முடிந்துவிடுவதில்லை. சுவரில் ஒட்டியுள்ள முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை. கோடையில் காய்ந்து கிடந்த தொட்டியில் முதல் மழைநீர் சேர்ந்ததும் அவை பொரிகின்றன. எனவே பாத்திரத்தின் உட்சுவரை நார் அல்லது தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, உலர வைத்த பிறகே மீண்டும் நீர் நிரப்ப வேண்டும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

வட இந்திய நகரங்களில் கோடைக்குப் பின் நீர் வடிக்கப்படாமல் விடப்படும் ஏர்கூலர்கள் முக்கியமான கொசு உற்பத்தி இடங்களாக உள்ளன. கேரளத்தில் ரப்பர் தோட்டங்களில் பால் சேகரிக்கும் சிரட்டைகளிலும் கோப்பைகளிலும் மழைநீர் தேங்கிக் கொசு உருவாகிறது. குடிநீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர்களில் குடங்களிலும் டிரம்களிலும் பல நாட்கள் மூடாமல் சேமிக்கப்படும் நீர் இதற்கு இடமளிக்கிறது. இதனால் மழை பொய்த்த ஆண்டிலும் டெங்கு பரவக்கூடும்.

இவற்றைத் தவிர, எல்லா வீடுகளிலும் பார்க்க வேண்டிய இடங்கள் சில உள்ளன:

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் நீர் வடியும் தட்டு. இது கண்ணில் படாத இடம் என்பதால் பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

பூந்தொட்டிகளின் அடித்தட்டு, மணி பிளான்ட் வளர்க்கும் பாட்டில், பறவைகளுக்கு நீர் வைக்கும் கிண்ணம்.

மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி, சரியாக மூடப்படாத தரைமட்டத் தொட்டி.

மொட்டை மாடியிலும் கொல்லையிலும் கிடக்கும் பழைய டயர், உடைந்த வாளி, தேங்காய் ஓடு, நெகிழிக் கோப்பை, மடிப்புகளில் நீர் தேங்கிய தார்ப்பாய்.

பயன்படுத்தப்படாத கழிப்பறையின் நீர்த்தொட்டி. பூட்டிக் கிடக்கும் வீட்டின் முற்றம். கட்டுமானப் பணியிடத்தின் நீர்த்தொட்டி.

தனி வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பவரும் இப்பட்டியலின் கடைசி வரியைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஏடிஸ் கொசு பொதுவாக நெடுந்தொலைவு பறப்பதில்லை. தான் உருவான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் சுற்றளவிலேயே வாழ்ந்து மடிகிறது. ஆதலால் ஒரு தெருவைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் அத்தெருவிலேயே உருவானது. பூட்டிய வீடு, கைவிடப்பட்ட மனை, கட்டி முடிக்கப்படாத கட்டடம் ஆகியவற்றில் நீர் தேங்கியிருந்தால், உரிமையாளருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் தகவல் தெரிவிப்பது குடியிருப்போர் அனைவரின் பொறுப்பாகும்.

பத்து நிமிடங்களின் பலன்

தலைநகர் தில்லி இப்பாடத்தைக் கடும் விலை கொடுத்துக் கற்றது. 1996-ஆம் ஆண்டில் அங்கு ஏற்பட்ட பெரும் டெங்கு பரவலில் 10,252 பேர் பாதிக்கப்பட்டனர். 423 பேர் உயிரிழந்தனர். பல ஆண்டுகளுக்குப் பின், 2019 செப்டம்பரில் தில்லி அரசு 'பத்து வாரம், பத்து மணி, பத்து நிமிடம்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு ஒவ்வொரு குடும்பத்தினரும் 10 நிமிடங்கள் தங்கள் வீட்டில் தேங்கிய நீர் உள்ளதா எனச் சோதிக்க வேண்டும் என்பதே அதன் உள்ளடக்கம். கேரளத்திலும் 'உலர் நாள்' என்ற பெயரில் வெள்ளிக்கிழமை கல்வி நிலையங்களிலும், சனிக்கிழமை அலுவலகங்களிலும், ஞாயிற்றுக்கிழமை வீடுகளிலும் நீர்த்தேக்கத்தை அகற்றுமாறு சுகாதாரத் துறை அறிவுறுத்தி வருகிறது.

தெருக்களில் அடிக்கப்படும் புகை மருந்து அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். நீரில் உள்ள புழுக்களையும் சுவரில் உள்ள முட்டைகளையும் அது அழிப்பதில்லை. புகை அடித்த சில நாட்களில் அதே தொட்டியிலிருந்து புதிய கொசுக்கள் வெளிவரும். கொட்ட இயலாத பெரிய தொட்டிகளில் கொசுப்புழு ஒழிப்பு மருந்து இடுவதும், கிணறுகளிலும் அலங்காரக் குளங்களிலும் கம்பூசியா மீன்களை விடுவதும் நடைமுறையில் உள்ளன. கொசுப்புழு ஆய்வுக்கு வரும் களப்பணியாளர்களை வீட்டுக்குள் அனுமதித்து ஒத்துழைப்பது இதனால்தான் அவசியமாகிறது.

காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியவை

திடீர்க் கடுங்காய்ச்சல், தலைவலி, கண்களின் பின்புறம் வலி, தசை மற்றும் மூட்டு வலி, குமட்டல், தோலில் சிவந்த தடிப்புகள் ஆகியவை டெங்குவின் பொதுவான அறிகுறிகள். மழைக்காலத்தில் இத்தகைய காய்ச்சல் கண்டால் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். முதல் ஐந்து நாட்களில் என்எஸ்1 பரிசோதனையும், அதன் பின் ஐஜிஎம் எலிசா பரிசோதனையும் நோயைக் கண்டறியப் பயன்படுகின்றன. இதற்கென அரசால் தேர்வு செய்யப்பட்ட மருத்துவமனைகளுக்குப் புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் எலிசா பரிசோதனைத் தொகுப்புகளைத் தயாரித்து வழங்கி வருகிறது.

டெங்கு வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. ஓய்வும் போதிய நீராகாரமும் மருத்துவக் கண்காணிப்புமே சிகிச்சையின் அடிப்படை. கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி அருந்தலாம். காய்ச்சலுக்கு மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி நிவாரணிகள் இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடியவை என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையின் பெயரைப் பார்க்காமல் உட்கொள்வது ஆபத்தாக முடியலாம்.

காய்ச்சல் குறைந்ததும் கவனம் தேவை

டெங்குவில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் கட்டம் இதுவே. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் தணியும்போது, நோயாளி குணமடைந்துவிட்டதாகக் குடும்பத்தினர் நிம்மதி அடைகின்றனர். பெரும்பாலானோர் உண்மையிலேயே குணமடைகின்றனர். ஆனால் சிலருக்கு அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்படுகிறது.

கடுமையான வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தம் வடிதல், வாந்தியிலோ மலத்திலோ இரத்தம், கை கால் சில்லிட்டுப் போதல், மூச்சு வாங்குதல், மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காதிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உடல் சூடு இல்லை என்பதை ஆறுதலாகக் கொள்ளக் கூடாது.

தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அச்சப்படுவதும், அந்த எண்ணிக்கை உயர்ந்தால் போதும் என நம்பிப் பப்பாளி இலைச்சாறு போன்றவற்றை மட்டும் கொடுத்து வீட்டிலேயே காத்திருப்பதும் தவறாகும். மேற்கூறிய எச்சரிக்கை அறிகுறிகளும் மருத்துவரின் மதிப்பீடுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை நோய் போன்ற நாள்பட்ட நோய் உள்ளோர் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள்.

ஒரு முறை வந்தவருக்கும் மீண்டும் வரலாம்

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வகைக்கு எதிராக மட்டுமே நீண்டகால எதிர்ப்பாற்றல் கிடைக்கிறது. வேறு வகையால் இரண்டாம் முறை பாதிக்கப்படும்போது நோய் தீவிரமடையும் வாய்ப்பு அதிகம். எனவே, முன்பு டெங்கு வந்து குணமானவர் தமக்கு இனி அச்சமில்லை எனக் கருத இயலாது.

தடுப்பூசிக்கான முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன. இந்தியாவில் உருவாக்கப்பட்ட 'டெங்கிஆல்' தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பனேசியா பயோடெக் நிறுவனமும் 2024 ஆகஸ்டில் தொடங்கின. தடுப்பூசி வந்தாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை அகற்றும் தேவை நீங்கிவிடாது. சிக்குன்குனியாவையும் ஜிகாவையும் பரப்புவதும் இதே கொசுதான்.

காய்ச்சல் கண்ட வீட்டாரை ஒதுக்குவதால் டெங்கு நிற்பதில்லை. ஒதுக்கலுக்கு அஞ்சி நோயை மறைப்பதால் அது மேலும் பரவுகிறது. பக்கத்து வீட்டில் டெங்கு என அறிந்தால், அவ்வீட்டாருக்குக் கொசுவலை உள்ளதா எனக் கேட்பதும், அன்றே தம் வீட்டுத் தொட்டிகளையும் தட்டுகளையும் தேய்த்துக் கழுவுவதும், வட்டார சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் தருவதும் பயன் தரும். அடுத்த மூன்று வாரங்களில் அத்தெருவில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வருமா என்பதை இச்செயல்களே பெரிதும் தீர்மானிக்கின்றன.