முகவரி காலாவதியானால் இணையம் என்ன செய்யும்?

2021 பெப்ரவரி 6 ஆம் திகதி காலை, கூகுள் தேடுதளத்தின் எல்.கே. முகவரிக்குச் சென்ற பலருக்கு வேறொரு பக்கம் திறந்தது. தேயிலைத் துறையினரின் இடர்கள், ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினரின் பிரச்சினைகள் என நீண்டதொரு முறைப்பாட்டுப் பட்டியல் அதில் காணப்பட்டது. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரி மலையகத் தோட்டங்களில் பணிப்பகிஷ்கரிப்பு நடந்ததற்கு மறுநாள் அது. ஜனாஸா எரிப்பு நிறுத்தப்பட வேண்டும் என்பது உட்படப் பல கோரிக்கைகளுடன் தமிழரும் முஸ்லிம்களும் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி நோக்கிச் சென்றுகொண்டிருந்த நாளும் அதுவே.

அந்த வேதனைகள் உண்மையானவை. ஆயினும் அன்று கையாளப்பட்ட வழி எத்துணை அபாயமானது என்பதை நாம் விளங்கிக்கொள்வது அவசியம். கூகுளின் கணினிகளுக்குள் எவரும் நுழையவில்லை. எல்.கே. பதிவகத்தில் சில பெயர்களுக்குரிய விபரங்களே மாற்றப்பட்டிருந்தன. காலை 8.30 மணியளவில் கோளாறு சீர்செய்யப்பட்டதாகப் பதிவகம் அறிவித்தது. ஆனால் இத்தகைய சம்பவங்களில், பதிவகம் திருத்திய மாத்திரத்தில் எல்லாக் கணினிகளும் திருந்திவிடுவதில்லை.

தோட்ட லயங்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாமை மலையகத்தின் நெடுங்காலக் குறை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். யார் எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் இருக்கிறார் என்பது அங்குள்ளவரின் நினைவில் இருக்கும். குடும்பம் இடம் மாறியது அவருக்குத் தெரியாத வரை கடிதம் பழைய காம்பராவுக்கே போகும். இணையத்திலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கின்றது. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், இணைய சேவை நிறுவனத்தின் கணினி அதற்குரிய இலக்கத்தை உரிய இடத்தில் கேட்டறிந்து தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றது. அடுத்து ஹற்றனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ வேறொருவர் கேட்டால் நினைவிலிருந்தே பதில் சொல்லும். அந்தப் பதிலுக்கு எத்தனை விநாடி ஆயுள் என்பதைப் பெயரின் உரிமையாளரே நிர்ணயிப்பார். பிழையான பதில் நினைவில் ஏறிவிட்டால் அதுவும் தன் ஆயுள் முடியும் வரை அங்கேயே தங்கிவிடும்.

ஆயுள் முடிந்த பின் என்ன செய்வது? 1980 களில் வகுக்கப்பட்ட விதிகளின்படி பழைய பதிலை எறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்க வேண்டும். கேட்கப்படும் சேவையகம் முடங்கிக் கிடந்தால்? 2016 ஒக்டோபர் 21 ஆம் திகதி டைன் எனும் அமெரிக்க நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள் தாக்கப்பட்டபோது, ருவிட்டர் முதலான தளங்கள் தாம் இயங்கிக்கொண்டிருந்தும் பலரால் அணுக முடியாமற் போயின. 2004 ஆகஸ்டில் கொழும்புக்கு அருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாறு வெளிநாட்டுத் தொடர்பு அறுபடும்போது, உள்ளூரில் இயங்கும் தளமாயினும் அதன் பெயர் விபரம் வெளிநாட்டில் இருந்தால் அதுவும் எட்டாமற் போகும்.

2020 மார்ச்சில் வெளியான ஆர்.எப்.சி. 8767 எனும் ஆவணம் இதற்கொரு வழி காட்டிற்று. உரிய சேவையகம் பதிலளிக்காதவிடத்து, காலாவதியான பதிலையே தற்காலிகமாகக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். கேட்டவர் 1.8 விநாடி காத்திருந்தும் புதிய பதில் வராவிட்டால் பழையது தரப்படும். அதற்கு 30 விநாடி ஆயுளே போதும். ஒன்று முதல் மூன்று நாட்களுக்கு மேல் பழைய பதிலை நம்பியிருத்தல் தகாது. அந்தப் பெயரே இப்போது இல்லை என உரிய சேவையகம் சொல்லிவிட்டால், பழையதை அக்கணமே கைவிட வேண்டும். பதிவுகளின் ஆயுளுக்கு ஏழு நாள் உச்சவரம்பையும் ஆவணம் பரிந்துரைக்கின்றது. திருடியவர் தாம் நுழைத்த பதிவுக்கு மாதக்கணக்கில் ஆயுள் குறித்து வைத்தால் இந்த வரம்பே நமக்குக் காவல்.

இந்த ஏற்பாட்டை நாம் வரவேற்கின்றோம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டல்ல. 2021 இல் திறந்தது ஒரு முறைப்பாட்டுப் பக்கம் மாத்திரமே. வங்கியொன்றின் பெயரில் போலிப் பக்கம் திறந்திருந்தால், மத்திய கிழக்கில் உழைக்கும் தாய் அனுப்பிய பணத்தைப் பார்க்க முற்படும் பிள்ளை தன் இரகசியச் சொல்லை அங்கே கொடுத்திருக்கும். உலாவி பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் அதை மீறிச் செல்லாதிருப்பதே அந்நேரத்தில் பயனாளர் கையிலுள்ள தற்காப்பு. சேவை நிறுவனங்களின் பொறுப்போ வேறு: பதிவகத்தில் திருத்தம் நிகழ்ந்ததாக அறிந்ததும் தம் நினைவகத்திலுள்ள அப்பெயரின் பதிவை ஆயுள் முடியும் வரை காத்திராமல் உடனே அழித்துவிட வேண்டும். அதற்கு ஒரேயொரு கட்டளை போதும். அதனை இடுவதற்கு விடுமுறை நாளின் அதிகாலையிலும் ஒருவர் கடமையில் இருக்கின்றாரா என்பதே கேள்வி.