2,000 ரூபாய் ரூமா, 3,000 ரூபாய் ரூமா? கொடைக்கானல் ட்ரிப்புக்கு எங்க தங்கினா பணம் மிச்சம்?



கோடை லீவு நெருங்கினாலே நம்ம சேனலுக்கு இந்தக் கேள்வி வந்துடும். "சார், கொடைக்கானல் போய் நல்லா நடந்து சுத்தணும்னு ஆசை. நான், மனைவி, 7 வயசு பையன், அப்பா, அம்மா. ஊருக்கு வெளிய ஒரு காட்டேஜ்ல ரூம் 2,000 ரூபாய். ஏரி பக்கத்துல 3,000 கேக்குறாங்க. எதை புக் பண்ணலாம்?"

பார்த்த உடனே 2,000-தான் லாபம்னு தோணும். ஆனா வாடகைங்கிறது தங்குற செலவுல ஒரு பகுதிதான். அந்த ரூம்ல இருந்து நீங்க நடக்கப் போற இடத்துக்குப் போக எவ்வளவு ஆகும், சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும், இதையும் சேர்த்தாத்தான் அந்த ரூமோட உண்மையான விலை தெரியும். வாங்க, கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

கணக்கு: 5 பேர், 2 ரூம், 3 ராத்திரி

ரயில்ல கொடைரோடு வந்து, அங்கிருந்து பஸ்ல மலை ஏறுறீங்கன்னு வச்சுக்கலாம். சொந்த கார் இல்ல. கீழே இருக்கிற தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்களுக்குக் கிடைக்கிற ரேட்டை அதே இடத்துல போட்டுப் பாருங்க.

முதல் சாய்ஸ், பூம்பாறை பக்கம், டவுன்ல இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு காட்டேஜ்:
- வாடகை 2,000 × 2 ரூம் × 3 ராத்திரி = 12,000
- ஜிஎஸ்டி 5% = 600
- டாக்ஸி (வர, போக 3,000; சுத்துற 2 நாளுக்கு 6,000) = 9,000
- சாப்பாடு, காட்டேஜ்லயே (ஒரு நாளைக்கு 2,500) = 7,500
- மொத்தம் 29,100 ரூபாய்

இரண்டாவது சாய்ஸ், ஏரிக்குப் பக்கத்துல:
- வாடகை 3,000 × 2 × 3 = 18,000
- ஜிஎஸ்டி 5% = 900
- ஆட்டோ, டாக்ஸி = 2,600
- சாப்பாடு, வெளி ஹோட்டல்ல (ஒரு நாளைக்கு 1,600) = 4,800
- மொத்தம் 26,300 ரூபாய்

வாடகையில 6,000 ரூபாய் குறைவா இருந்த காட்டேஜ், கடைசியில 2,800 ரூபாய் அதிகம்!

அதுக்காக ஊருக்கு வெளிய தங்கவே கூடாதுன்னு சொல்ல வரல. சொந்த கார்ல போறவங்களுக்கு இந்த 9,000 ரூபாய் டாக்ஸி செலவு பெட்ரோல் செலவா சுருங்கிடும். பூம்பாறை, மன்னவனூர் பக்கமே நடக்கணும்னு பிளான் இருந்தா அங்க தங்குறதுதான் சரி. அதனால ரூம் தேடுறதுக்கு முன்னாடி, நடக்கப் போற இடங்களை ஒரு பேப்பர்ல எழுதிடுங்க.

யார் எவ்வளவு நடப்பாங்க?

ஏரியைச் சுத்தி சுமார் 5 கிலோமீட்டர், சமதளம். கோக்கர்ஸ் வாக் சுமார் 1 கிலோமீட்டர், நல்ல நடைபாதை. ரெண்டுமே அப்பா அம்மாவுக்கு ஓகே. வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் போற பாதை வேற மாதிரி. போகும்போது இறக்கம், வேர்களும் கல்லுமா இருக்கும். திரும்பி வரும்போது மூச்சு வாங்கும். முட்டி வலி இருக்கிறவங்களுக்கு அது வேண்டாம்.

நீங்களும் பையனும் காலையில டால்பின் நோஸ் போறீங்கன்னா, அப்பா அம்மா என்ன பண்ணுவாங்க? டவுன்ல தங்கினா மெதுவா நடந்து போய் ஒரு டீ குடிச்சுட்டு வருவாங்க. 20 கிலோமீட்டர் தள்ளி தங்கினா ரூம்லயே உட்கார்ந்திருக்கணும், இல்ல அவங்களுக்கு இன்னொரு டாக்ஸி.

மே மாசத்துல மத்தியானத்துக்கு மேல பனிமூட்டமும் மழையும் வர்றது சகஜம். நடக்க நல்ல நேரம் காலைதான். அந்த நேரம் வண்டியில கழிஞ்சா, போன காரணமே அடிபட்டுடும்.

ஜிஎஸ்டி: 100 ரூபாய் வித்தியாசம், 1,093 ரூபாய் ஆகுது

2025 செப்டம்பர் 22-ல இருந்து, ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினா 18%. 7,500 ரூபாய் ரூம் வரியோட 7,875. 7,600 ரூபாய் ரூம் வரியோட 8,968. ரிசார்ட் பார்க்கிறவங்க இந்தக் கோட்டை ஞாபகம் வச்சுக்கோங்க.

சின்ன ஹோம்ஸ்டே ஓனருக்கு ஆண்டு டர்ன்ஓவர் 20 லட்சத்துக்குள்ள இருந்தா பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாதவர் உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்கக் கூடாது. அதே ஹோம்ஸ்டேயை ஆப் மூலமா புக் பண்ணா, ஆப் கம்பெனி ஜிஎஸ்டி வசூல் பண்ணி கட்டணும். நேர்ல பேசினா விலை குறையுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா முன்பின் தெரியாத நம்பருக்கு யுபிஐ-ல முழுப் பணத்தையும் அனுப்பிடாதீங்க. ஜிஎஸ்டி நம்பர் கொடுத்தா, ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டு, வர்ற பெயரும் அவங்க சொல்ற பெயரும் ஒண்ணான்னு பாருங்க.

ஹோட்டல் பில்லை எல்டிஏ-ல காட்டலாமா?

முடியாது. எல்டிஏ விலக்கு போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான். ரூம், சாப்பாடு, ஊர் சுத்துற டாக்ஸி எதுவும் சேராது. அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும். 4 வருஷ ப்ளாக்ல 2 பயணம். இப்போ நடக்கிற ப்ளாக் 2026–2029. ரயில் டிக்கெட்டைப் பத்திரமா வைங்க.

முதல்ல இ-பாஸ், அப்புறம் ரூம்

2024 மே 7-ல இருந்து கொடைக்கானல், ஊட்டிக்கு வெளி வாகனங்கள் போக இ-பாஸ் வேணும். 2025 கோடையில சென்னை உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000, வார இறுதியில 6,000 வாகனம்னு வரம்பும் வச்சுது. கார்ல போறவங்க அந்த நேரத்து விதியைப் பார்த்து, பாஸ் கிடைச்ச பிறகே "நோ ரீஃபண்ட்" ரூமுக்குப் பணம் கட்டுங்க. அரசுப் பேருந்துல போனா இந்தத் தொல்லை இல்லை.

"ட்ரெக்கிங் ஃப்ரீ"ன்னு சொன்னா

இது பணத்தை விட முக்கியம். 2018 மார்ச் 11 அன்னிக்கு தேனி மாவட்டம் குரங்கணி மலையில காட்டுத்தீயில சிக்கி, ட்ரெக்கிங் போன 20 பேருக்கும் மேல இறந்துட்டாங்க. கோடைதான் காட்டுத்தீ காலம். தங்குற இடத்துல "காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறோம்"னு சொன்னா, வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்க. காட்டலைன்னா போகாதீங்க. முறையா ட்ரெக் பண்ணணும்னா, 2024-ல வந்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல ஆன்லைன்ல புக் பண்ணலாம். கைடு கூட வருவாங்க. தீ அபாயம் இருக்கிற மாசங்கள்ல பாதையை மூடிடுவாங்க, தேதி பார்த்துக்கோங்க.

ஃபோன்ல கேக்க வேண்டிய 5 கேள்வி

1. ரோட்டுல இருந்து ரூமுக்கு எத்தனை படி? (மலைச்சரிவு காட்டேஜ்ல இது பெரிய விஷயம்.)
2. நடந்து போற தூரத்துல சாப்பாட்டுக் கடை இருக்கா?
3. வெந்நீர் எந்நேரமும் வருமா, நேரம் வச்சு விடுவாங்களா?
4. சொன்ன ரேட்ல வரி சேர்ந்திருக்கா?
5. கேன்சல் பண்ணா எவ்வளவு, எத்தனை நாள்ல திரும்ப வரும்?

பதிலை வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிடுங்க.

கடைசியா, 26,300 கூட ரயில், பஸ், கொஞ்சம் அவசரச் செலவு சேர்த்தா 36,000-னு வைங்க. மாசம் 3,000 ரூபாய் ஆர்டி போட்டா ஒரு வருஷத்துல தயார். கிரெடிட் கார்டுல போயிட்டு வந்து, தீபாவளி வரைக்கும் இஎம்ஐ கட்டுற நிலைமை வேண்டாம். அடுத்த கோடைக்கான ஆர்டியை இந்த மாசச் சம்பளத்துலயே ஆரம்பிச்சிடுங்க!