தையல் இல்லாத தொப்பி

கத்தரி வைப்பதில்லை, ஊசி குத்துவதில்லை. 36 அங்குலச் சதுரத் துணி ஒன்றை மூலைவாட்டில் மடித்து, நெற்றியோடு இறுக்கிச் சுற்றி, நுனிகளைக் கூராக நிமிர்த்திவிட்டால் தொப்பி தயார். மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கட்டுகிறார்கள். கட்டம் போட்ட அந்தத் துணிக்கு அங்கே பெயர் ‘மதராஸ்’.

துணியின் பூர்வீகம் நம் கரை. சென்னைக் கோட்டைக்குத் தட்டுப்பாடில்லாமல் துணி கிடைக்க வேண்டும் என்று, 1717 முதல் 1720 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூர் அருகே நெசவாளர்களைக் குடியமர்த்தினார். அந்தக் காலெட்பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் வண்ணாரப்பேட்டையில் இருந்தார்கள். துறைமுகம் இல்லாத காலம் அது. மூட்டைகள் மசூலா படகுகளில் அலை தாண்டிப் போய்க் கப்பலேறின.

தலைக்கட்டு கட்டாயமான இடமும் உண்டு. 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் மீரோ, கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் கூந்தலை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். தாழ்த்துவதுதான் நோக்கம். அவர்களோ கண்ணைப் பறிக்கும் துணிகளைத் தேடி எடுத்து, முன்னைவிட எடுப்பாகக் கட்டினார்கள்.

பிரெஞ்சுத் தீவுகளில் தலைக்கட்டுக் கூர்களின் எண்ணிக்கையே சேதி சொல்லும் என்பார்கள். ஒன்று என்றால் மனதில் யாரும் இல்லை. இரண்டு என்றால் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மூன்று, மணமானவள். நான்கு? மனதில் இன்னும் இடமிருக்கிறது! மார்ட்டினிக்கில் துணியின் வெளிர் கட்டங்களுக்குள் கருவேலம் பிசின் கலந்த மஞ்சள் சாயத்தைக் கையால் தீட்டுவதற்கென்றே பெண்கள் இருந்தார்கள். கட்டம் கட்டமாக, கோடு தாண்டாமல் தீட்ட வேண்டும். எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் 1890இல் வெளியான நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நேர்கோடு, சதுரம், ஒட்டுவேலை இல்லாத வடிவம்: இருபதாம் நூற்றாண்டின் நவீன வடிவமைப்பு கொண்டாடியது இவற்றைத்தான். இரண்டாம் உலகப் போர்க்காலப் பாரிஸில் மேடம் பாலெட் துணியைச் சுற்றியே தலைப்பாகைத் தொப்பிகள் செய்து புகழ் பெற்றார். தீவுப் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே செய்து காட்டிய வேலை அது. வடிவமைப்பு வரலாற்றில் அவர்களுக்கும் நம் நெசவாளர்களுக்கும் முதல் பக்கங்களில் இடம் வேண்டும்.

1950களின் இறுதியில் அமெரிக்கா மதராஸ் துணிக்கு மயங்கியது. துவைத்தால் சாயம் போகும். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும். அந்தக் குறையையே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். சட்டை தைத்தார்கள், தொப்பிக்குப் பட்டையாகவும் சுற்றினார்கள்.

காலடிப்பேட்டையில் இப்போது மெட்ரோ நிலையம் இருக்கிறது. அதன் சுவரில் நான்கு கூர்த் தலைக்கட்டு ஒன்றைப் பெரிதாக வரைந்து, பக்கத்தில் ஒரு தறியையும் வரையலாம்.